கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு வக்கீல் வேண்டும்

தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை நடத்துகிறேன். இரண்டு லேத், கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் ஒன்று, என்னையும் சேர்த்து ஐந்து பேர். பம்புக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ், வியர் ரிங் இதெல்லாம் ஜாப் ஒர்க்கில் கடைந்து கொடுக்கிறோம். ராடு, அதாவது கடைய வேண்டிய கம்பி, ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியிடமிருந்து வரும், கூலி எங்களுடையது. இந்தத் தெருவில் என்னைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் டெலிவரி சலானைப் பற்றி, அதாவது சரக்கோடு போகிற சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரக்கை ஏற்றிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனால், செக்யூரிட்டி எண்ணிப் பார்த்துவிட்டு நம்முடைய காப்பியில் ஊதா மையில் ஒரு சீல் குத்திக் கொடுப்பார். மேலே கம்பெனி பெயர், நடுவில் தேதி, அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி. சரிபார்ப்புக்கும் தர ஒப்புதலுக்கும் உட்பட்டுப் பெற்றுக்கொண்டோம் என்று அதற்கு அர்த்தம். பதினெட்டு வருடமாக அந்தச் சீலை வாங்கி ஃபைல் பண்ணியிருக்கிறேன். ஒரு நாள்கூட அந்த வரியைப் படித்ததில்லை. சீல் விழுந்துவிட்டது, சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பில் போடலாம், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

2021 நவம்பரிலிருந்து 2022 பிப்ரவரி வரைக்கும் ஒரு கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன். பதினோரு பில், வரவேண்டிய பாக்கி 2,86,000 ரூபாய். பில் போட்ட கையோடு ஜி.எஸ்.டி.யை நான் கட்டிவிட்டேன், பசங்களுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம் கொடுத்துவிட்டேன், கரண்ட் பில் கட்டிவிட்டேன். பணம் மட்டும் வரவில்லை. போன் பண்ணினால் 'பேமென்ட் பிராசஸ்ல இருக்குங்கண்ணா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று பர்ச்சேஸில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் சொல்வார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் கையில் என்ன இருக்கிறது. செப்டம்பரில் ஒரு டெபிட் நோட் வந்தது. 600 ஷாஃப்டில் அளவு விட்டுப்போயிருக்கிறது, ராடு விலையும் சேர்த்து 1,42,000 ரூபாய் கழிக்கிறோம் என்று. அந்த ஷாஃப்டை ஒரு தடவை காட்டுங்கள், மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று நேரில் போய்க் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. சரக்கு கொடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், கொடுத்த அன்றைக்கே அவர் ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. எழுத்தில் பேசி வைத்த தவணை எதுவாக இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, எதுவும் பேசி வைக்கவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2023-லும் 2024-லும் அந்த விகிதம் பெரும்பாலும் 6.75 சதவீதமாக இருந்தது, மூன்று மடங்கு என்றால் 20.25. ஏழு மாதம் கழித்து வந்த டெபிட் நோட்டுக்கு 'சட்டப்படி இந்தச் சரக்கை நீங்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்' என்று நாலு வரி பதில் கடிதம் எழுதிப் போட்டிருந்தால் என் நிலைமை எவ்வளவோ மாறியிருக்கலாம். நான் எழுதவில்லை. சட்டம் வந்து பதினாறு வருடம் கழித்தும் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. டெபிட் நோட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரி, தெரிந்த பிறகாவது என்ன செய்தேன் என்று கேட்பீர்கள்.

ஒரு வக்கீலைப் பார்த்தேன், நல்ல மனிதர். பர்ச்சேஸ் ஆர்டரைக் கொண்டுவாருங்கள் என்றார். மெயிலில் வந்த பி.டி.எஃப்.பை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், முதல் பக்கம் மட்டும். பின்பக்கம் எங்கே என்று கேட்டார். பின்பக்கம் ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு நிபந்தனை, எல்லாம் ஆங்கிலத்தில். எந்தத் தகராறு வந்தாலும் மும்பையில்தான் பார்க்க வேண்டும், கம்பெனி நியமிக்கும் ஒருவர்தான் நடுவர், அவர் சொல்வதுதான் முடிவு. படித்துக் காட்டியபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆவாரம்பாளையத்திலிருந்து பீளமேடு போய் வரவே பட்டறையை யாரிடம் விட்டுப் போவது என்று யோசிக்கிற ஆள் நான், மும்பைக்குப் போய் எப்படி வழக்கு நடத்துவேன்? அந்தப் பயத்திலேயே ஒரு வருடம் போய்விட்டது.

அந்தப் பயத்துக்கும் தேவையே இருக்கவில்லை. அதே 2006 சட்டப்படி, வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரக்கு கொடுத்தவர் ஊருக்கான வசதியாக்கக் குழுமம், அதாவது சிறுதொழில் பாக்கித் தகராறுகளைத் தீர்க்க அந்தச் சட்டத்தில் வைத்திருக்கும் அமைப்பு, அந்தத் தகராறை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்தால்கூட அந்தக் குழுமத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. தகராறில் தனக்கே அக்கறை உள்ள ஒரு தரப்பு தன்னிச்சையாகத் தனி நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-லேயே சொல்லியிருக்கிறது. குழுமத்தில் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து அதை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால், முதலில் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இவ்வளவும் எங்கள் பக்கம் இருக்கிறது. எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். சி.என்.சி. ப்ரோக்ராமில் ஒரு புள்ளி தப்பானால் கண்டுபிடிக்கிற ஆட்கள், இதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

என் விஷயத்தில் இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. உத்யம் பதிவு, அதாவது நம்முடையது சிறுதொழில் என்று மத்திய அரசிடம் பதிவது. பைசா செலவில்லாமல் ஆதாரை வைத்துப் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. பேங்க் லோனுக்குக் கேட்டார்கள் என்று 2022 ஆகஸ்டில்தான் நான் பதிவு செய்தேன். சரக்கு கொடுத்ததோ அதற்கு முன்னால். பதிவுக்கு முன்னால் கொடுத்த சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்காது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால், குழுமத்துக்குப் போனாலும் நிற்காது என்று வக்கீல் சொன்னார். சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டால் நம் மாநிலத்தில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், எனக்கு 8,580 ரூபாய். அது பெரிதில்லை. வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு வாய்தா பட்டறையைப் பூட்டிவிட்டுப் போவது, அதுதான் பெரிது. ஆதாரம் என்று பார்த்தால், பர்ச்சேஸில் இருந்த அந்தத் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் பழைய போனோடு போய்விட்டது. போன் தண்ணீரில் விழுந்தபோது போட்டோ போய்விட்டதே என்றுதான் வருத்தப்பட்டேன், 'தர வேண்டியது இருக்குங்கண்ணா' என்று அவர்கள் ஒத்துக்கொண்ட வார்த்தையும் அதோடு போகிறது என்று யார் நினைத்தார்கள்.

வழக்குப் போட மூன்று வருடக் கெடு வேறு. அந்தக் கெடு முடியப் போகிறது என்ற நிலையில், 2024 டிசம்பரில் அவர்களே கூப்பிட்டு 1,10,000 தருகிறோம், முழுவதும் தீர்ந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, முன்கூட்டியே பதிவு செய்தவர்கள்தான் குழுமத்துக்குப் போகலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லையே என்று பார்த்து, முடிவான தீர்ப்புக்காக அதை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. செய்தியைப் படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பணம் போனது போகட்டும். என் மனதை அறுப்பது வேறு. இந்தக் கதையில் நான் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆர்டரை ஏற்றுக்கொண்டு ஒன்று, டெலிவரி சலானில் ஒன்று, டெபிட் நோட்டில் ஒன்று, கடைசியில் தீர்ந்தது என்று ஒன்று. நாலு தடவையும் பக்கத்தில் சட்டம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, 'இதில் இப்படி எழுதியிருக்கிறது, இதற்கு இதுதான் அர்த்தம், இந்த வரியை அடித்துவிட்டுப் போடுங்கள்' என்று தமிழில் சொல்லியிருந்தால் போதும். தகராறே வந்திருக்காது. வக்கீலிடம் போவது என்றால் சண்டைக்குப் போவது என்றுதான் எங்கள் ஆட்கள் நினைக்கிறோம். பார்ட்டி காதில் விழுந்தால் ஆர்டர் நின்றுவிடும் என்ற பயம். அதனால் எல்லாம் கெட்டு முடிந்த பிறகுதான் வக்கீல் வீட்டு வாசலை மிதிக்கிறோம். அப்போது அவரும் என்ன செய்வார்?

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொல்கிறேன். இலவச சட்ட உதவி யாருக்கு என்று 1987-ல் வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவில் பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள், காவலில் இருப்பவர்கள், வருமான வரம்புக்குள் வருபவர்கள். அந்தப் பட்டியலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னிடம் வேலை பார்க்கிற தம்பிக்கு அது உண்டு என்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவனோடு அதே மெஷினில் நைட் ஷிஃப்ட் நிற்கிற எனக்கு, ஆம்பளை, ஓனர், டர்ன்ஓவர் காட்டுகிற ஆள் என்பதால் அந்தக் கதவு இல்லை. பெரிய வக்கீலை வைத்துக்கொள்ள வசதியும் இல்லை. நடுவில் நிற்கிறோம்.

அந்தப் பட்டியலை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது பார்லிமென்ட் வேலை. உங்கள் கையில் இப்போதே இருப்பதைக் கேட்கிறேன். சட்ட விழிப்புணர்வுக்கு வருமான வரம்பு கிடையாது. லோக் அதாலத்துக்கும் கிடையாது, வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே வரலாம். வணிக நீதிமன்றச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்தால், மூன்று லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்குகளில், அவசர நிவாரணம் கேட்டால் ஒழிய, முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும், அந்தச் சமரசத்தை நடத்துவது உங்கள் ஆணைக்குழுதான். பத்து லட்சம் வரை சமரசருக்குக் கட்டணம் 15,000, இரண்டு தரப்பும் ஆளுக்குப் பாதி. ஆக வியாபாரத் தகராறு உங்களுக்குப் புதிதில்லை. என் பாக்கி 2,86,000 என்பதால் பதினாலாயிரம் குறைகிறதே, நமக்கு அது இல்லை என்று நான் விட்டுவிட்டேன். வட்டியையும் சேர்த்துத்தான் அந்த மூன்று லட்சத்தைக் கணக்கிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருப்பதை ரொம்பப் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே.

என் அனுபவம் மட்டும் இல்லை. எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு அக்கா மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போடுகிறார். ஒரு கடைக்காரர்கள் ஒப்பந்தம் போட்டார்கள், விற்றதற்கு மட்டும் பணம், தேதி முடிந்தது எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், அந்த வண்டிச் செலவும் அவர் தலையில். மூன்றாவது மாதம் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களிடம் இலவசமாக வக்கீல் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவருக்கு அது தெரியாது, நான் சொல்லித்தான் 15100 என்ற சட்ட உதவி நம்பரையே குறித்துக்கொண்டார். அப்புறம் சிங்காநல்லூர் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் கூட்டாகக் கடை நடத்துகிறார்கள். கூட்டு ஒப்பந்தத்தை கோர்ட் வாசலில் டைப் அடித்து, நோட்டரி சீல் வாங்கி, பிரேம் போடாத குறையாகப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதில் நாலாவது பத்தியில் யாரோ ஒரு பழைய பார்ட்டியின் பெயர் அப்படியே இருந்தது, ஐந்து வருடம் யாருமே பார்க்கவில்லை. பாக்கி வசூலிக்க வழக்குப் போடப் போனபோதுதான், நோட்டரி சீல் வேறு, பதிவுத்துறையில் கூட்டு நிறுவனமாகப் பதிவது வேறு, பதியாத கூட்டு வெளியாள் மேல் ஒப்பந்த வழக்குப் போட முடியாது என்று தெரிந்தது. 1932-ல் வந்த கூட்டாண்மைச் சட்டம் அது. நம் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது.

இனி நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் வாரத்தில் ஒரு நாள், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை, ஏனென்றால் அன்றைக்குத்தான் எங்களுக்கு மெஷின் நிற்கும், ஒப்பந்தம் படித்துச் சொல்ல ஒரு மேசை போடுங்கள். வழக்கு நடத்த வேண்டாம், நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். கையெழுத்துப் போடாத காகிதத்தைக் கொண்டுவந்தால், படித்து, அர்த்தம் சொல்லி, எதைக் கேட்டு மாற்றலாம் என்று சொன்னால் போதும். உங்கள் பேனலில் இருக்கும் இளம் வக்கீல்களுக்கும் இது நல்ல பழக்கம், ஒரே வருடத்தில் எந்தத் தொழிலில் எந்த ஷரத்து ஆளைக் கொல்கிறது என்று அவர்களுக்கு அத்துபடியாகிவிடும். உங்கள் தன்னார்வலர்களில் ரிட்டயர் ஆன அக்கவுன்டன்ட் ஒருவரையும் பர்ச்சேஸில் இருந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, தமிழில் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தம். ஜாப் ஒர்க்குக்கு ஒன்று, சரக்கு சப்ளைக்கு ஒன்று, மெஷின் வாடகைக்கு ஒன்று என்று தொழிலுக்குத் தகுந்த மாதிரி. ஜாப் ஒர்க்குக்கு என்னென்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். ராடு எவ்வளவு வந்தது, கடையும்போது விழும் சிலுப்பு யாருக்கு, வேலைக்கு வேண்டிய டை, ஜிக் மாதிரியான சாதனங்கள் யாருடையது, உடைந்தால் யார் செலவு. ரிஜெக்‌ஷன் என்றால் எத்தனை நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து அளந்து பார்க்கும்வரை அந்தச் சரக்கை ஸ்கிராப்பில் போடக் கூடாது. டெபிட் நோட் அனுப்பினால் பதில் சொல்ல எங்களுக்கு எத்தனை நாள். பணம் எத்தனையாவது நாள். தகராறு வந்தால் எந்த ஊர். டிராயிங் நடுவில் மாறினால் ரேட் மாறுமா. இதைப் பெரிய பார்ட்டிகள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். உங்கள் ஆணைக்குழுவின் பெயர் போட்ட காகிதமாக இருந்தால், 'நானாகக் கேட்கவில்லைங்க, கவர்மென்ட் போட்ட மாதிரி ஒப்பந்தம் இது' என்று சொல்லி நீட்ட எங்களுக்கு ஒரு தைரியம் வரும். தனியாகக் கேட்டால் இவன் சட்டம் பேசுகிறான் என்று ஓரங்கட்டிவிடுவார்கள். 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரியில் விதி வந்தபோது, இங்கே சிலர் உத்யம் நம்பர் இருக்கிறவன் வேண்டாம் என்று பேசியதை நானே கேட்டேன். அதனால் பாதுகாப்பு ஒரு ஆளுக்கு மட்டும் இருந்தால் அந்த ஆளைத்தான் ஒதுக்குவார்கள், எல்லோர் கையிலும் ஒரே காகிதம் இருக்க வேண்டும்.

சின்னப் பாக்கிகளுக்கு வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்தைத் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தடவை நடத்திப் பாருங்கள். நாங்கள் போன் பண்ணினால் எடுக்காதவர்கள்கூட உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் உட்கார்ந்து பேசுவார்கள் என்று நம்புகிறேன். அங்கே முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

இடம் இல்லை என்று சொன்னால் என் பட்டறையிலேயே இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினைத் துடைத்து ஓரமாகத் தார்ப்பாய் போட்டு மூடினால் முப்பது நாற்காலி போடலாம், டீ என் பொறுப்பு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சந்தில் புதிதாக வி.எம்.சி. என்ற கம்ப்யூட்டர் மெஷின் வாங்கிப் போட்டிருக்கும் தம்பி ஒருவர் வந்து நிற்கிறார். முப்பது வயதுகூட ஆகவில்லை, மெஷினுக்கு மாதம் ஐம்பத்தெட்டாயிரம் இ.எம்.ஐ. ஒரு கம்பெனி பதினாலு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்ப வேண்டுமாம். 'அண்ணா, நீங்க அடிபட்டவங்க, ஒரு தடவை படிச்சுப் பாருங்க' என்கிறார். மூன்றாவது பக்கம் வரைக்கும் தட்டுத் தடுமாறிப் படித்தேன். அதற்கு மேல் எனக்குப் புரியவில்லை. இதை அவர் எங்கே, யாரிடம் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்,
ஆவாரம்பாளையம், கோவை.